தீர விசாரிப்பதே காவல்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர் எழுதியது)

பொருள் ஈட்டுவது அரிது. ஈட்டிய பொருளைக் காப்பது அதனினும் அரிது. இதனை நம் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தனர். மணிலா விற்ற காசை அடுக்குப் பானையிலும் நெற்குதிரிலும் சுவர் மாடத்திலும் மறைத்து வைத்தனர். அந்நியன் தெருவில் நுழைந்தால் நாய் குரைக்கும்; திண்ணையில் இருப்பவர் "யாரப்பா நீ?" என்று கேட்பார். அதுவே அந்நாளின் காவல்.

பின்னர் வங்கிகள் ஊர்ப்புறம் வந்தன. 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் சிற்றூர்களை அடுத்தும் கிளைகள் பெருகின. பானையில் இருந்த பணம் பாஸ் புத்தகத்தில் எண்ணாக மாறியது. இரும்புப் பெட்டி, துப்பாக்கி ஏந்திய காவலர், மேலாளரின் கையொப்பம் ஆகியவை அதற்குக் காவலாயின.

இன்றோ வங்கியின் சாவி நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஆகவே திருடன் கடப்பாரை தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போவதில்லை. நம்மிடமே வந்து, வங்கிக்காரரைப் போலவோ காவல்துறையினரைப் போலவோ பேசி, சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவன் அணிந்து வரும் முகமூடி எது, அதைக் கழற்றும் வழி எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வங்கியே முகமூடி ஆனது

நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது பண்ணுருட்டி. பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன அவ்வூரில், 2020ஆம் ஆண்டு ஜூலையில், பாரத ஸ்டேட் வங்கியின் கிளை என்ற பெயரில் போலிக் கிளை ஒன்று இயங்கி வந்தது தெரிய வந்தது. கணிப்பொறி இருந்தது, பணம் கட்டும் சலான் இருந்தது, ரப்பர் முத்திரையும் இருந்தது. கொரோனா ஊரடங்குக் காலம் அது. மூவர் கைது செய்யப்பட்டனர். பொதுமக்கள் எவரும் பணம் இழந்ததாகப் புகார் வராதது நல்வாய்ப்பு.

இது எவ்வாறு வெளிப்பட்டது என்பதையே நாம் கருத வேண்டும். அக்கிளையைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. அவர் அந்தக் கிளைக்குள் சென்று "நீங்கள் உண்மையான வங்கிதானா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஆம்" என்ற விடைதான் கிடைத்திருக்கும். தமக்கு முன்பே தெரிந்த உண்மையான கிளையின் மேலாளரிடம் சென்று, "நம் ஊரில் புதிதாகக் கிளை திறந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் முகமூடி கழன்றது.

குரலே முகமூடி ஆனது

இன்னும் பழைய சான்று ஒன்று தில்லியில் உண்டு. 1971ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், பாரத ஸ்டேட் வங்கியின் பாராளுமன்றத் தெருக் கிளையில் தலைமைக் காசாளராக இருந்த வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. முதலில் பிரதமரின் செயலர் பேசுவதாக ஒரு குரல். அடுத்துப் பிரதமர் இந்திரா காந்தியே பேசுவதாக ஒரு குரல். வங்கதேசம் தொடர்பான இரகசியப் பணிக்கு 60 இலட்சம் ரூபாய் உடனே வேண்டும் என்றும், இன்ன அடையாளச் சொல்லைக் கூறுபவரிடம் அதைக் கொடுக்க வேண்டும் என்றும் அக்குரல் பணித்தது. காசாளர் பணத்தை எடுத்துச் சென்று, அடையாளச் சொல்லைக் கூறிய நகர்வாலா என்பவரிடம் ஒப்படைத்தார்.

பிறகு இரசீது பெறுவதற்காகப் பிரதமரின் இல்லத்திற்குச் சென்றார். அங்கே, அப்படி எவரும் பேசவே இல்லை என்ற விடை கிடைத்தது. அன்று மாலையே நகர்வாலா பிடிபட்டார். பணத்தில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. அவருக்கு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; 1972 மார்ச்சில் அவர் காவலில் இருக்கும்போதே இறந்தார். இவ்வழக்கில் எழுந்த ஐயங்கள் பல ஆண்டுகள் தீராமல், பின்னாளில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அந்த ஐயங்களை வரலாற்று மாணவர்களுக்கு விட்டுவிடுவோம்.

வணிகவியல் மாணவர்களாகிய நமக்கு இதில் உள்ள பாடம் வேறு. நாட்டின் தலைநகரில், பெரிய வங்கியொன்றில், பணத்தை எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட அனுபவசாலி ஒருவரைத் தொலைபேசிக் குரல் ஏமாற்றியது. அக்குரலிடம் மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று, பெரிய இடத்தின் பெயர். இரண்டு, "உடனே" என்ற அவசரம். மூன்று, "யாரிடமும் சொல்லாதே" என்ற இரகசியம். இன்று நம் கைப்பேசிக்கு வரும் எந்த மோசடி அழைப்பை எடுத்துக்கொண்டாலும் இம்மூன்றும் அதில் இருக்கக் காணலாம்.

பண்ணுருட்டிக்காரர் முன்னதாகக் கேட்டார், எவருக்கும் இழப்பில்லை. தில்லிக் காசாளர் பணத்தைக் கொடுத்த பிறகு கேட்டார். சில மணி நேரமே தாமதம் ஆனதால் பெரும்பகுதி மீண்டது. கேட்கவே கேட்காதவரின் நிலை என்ன? அதற்குச் சான்று தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

விக்கிரவாண்டிக்கும் மயிலத்துக்கும் இடையே உள்ள சிற்றூர் எங்களுடையது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கையில், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா விற்ற தொகை அப்பாவின் கணக்கில் வரவாகி இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. "வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் ஏ.டி.எம். அட்டை இன்றிரவு முடக்கப்படும். உடனே புதுப்பிக்க வேண்டும்" என்றது குரல், நல்ல தமிழ், நல்ல மரியாதை. அப்பாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. "இந்தாப்பா, நீ படிச்சவன், நீ பேசு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

அட்டையின் முன்புற எண்ணையும் பின்புற எண்ணையும் நான்தான் படித்துச் சொன்னேன். அவர்கள் சொன்ன செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றியதும் நான்தான். நம் திரையில் தெரிவதெல்லாம் அவர்கள் திரையிலும் தெரியச் செய்யும் செயலி அது என்பதைப் பிறகு அறிந்தேன். சிறிது நேரத்தில் 8,000 ரூபாய் போயிற்று. வங்கி மூடியிருக்கிறதே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். வெட்கமும் ஒரு காரணம். வணிகவியல் படிக்கும் பிள்ளை ஏமாந்தான் என்று தெரு பேசாதா? அந்தச் செயலியையும் நான் நீக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மேலும் 10,500 ரூபாய் போயிற்று. ஆக 18,500 ரூபாய். எங்கள் வீட்டின் ஒரு போகத்து உழைப்பில் பாதி.

திங்கட்கிழமை வங்கி அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, சனிக்கிழமை இரவே சொல்லியிருந்தால் இரண்டாவது தொகை போயிருக்காதே" என்றார். அச்சொல்லின் பொருளைத் தேடிப் போனதுதான் இக்கட்டுரைக்கு வித்து.

விதி என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரத ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி நடக்கும் மின்னணுப் பரிமாற்றங்களில் இழப்பை யார் ஏற்பது என்று வரையறுத்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் அத்தகைய நெறி வகுக்கப்பட்டது. அதன் சாரத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதல் நிலை: தவறு வங்கியுடையது. இதில் வாடிக்கையாளர் ஒரு காசும் இழக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நிலை: தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நேர்ந்தது. வங்கியின் அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் எனவும், மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாய் எனவும் அது வரையறுக்கப்பட்டது. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

மூன்றாம் நிலை: வாடிக்கையாளரே இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு நிலை இதுதான். இங்கே, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளரைச் சேரும். தெரிவித்த பின்னர் நேரும் இழப்போ வங்கியைச் சேரும்.

மேலும், புகார் பெற்ற 10 வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும், தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியுடையதே என்றும் அச்சுற்றறிக்கை கூறியது. தொகைகளும் கெடுக்களும் அவ்வப்போது திருத்தப்படக் கூடியவை. ஆகவே தத்தம் கிளையில் கேட்டறிந்து குறித்துக்கொள்வது நலம்.

இப்போது எங்கள் கணக்கைப் பாருங்கள். சனிக்கிழமை போன 8,000 ரூபாய் என் அறியாமையின் விலை. ஞாயிற்றுக்கிழமை போன 10,500 ரூபாய் எங்கள் வெட்கத்தின் விலை. இரண்டாவதே பெரிது.

முகமூடிகள் பல

திருடன் அணியும் முகமூடிகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. நம் பகுதியில் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

யு.பி.ஐ. மோசடி: "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பர். இம்முறையில் பின் எண் நம் பணம் வெளியே போவதற்கும், கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பதற்குமே வேண்டும். பணம் உள்ளே வருவதற்குப் பின் எண் வேண்டியதில்லை, கியூ.ஆர். குறியையும் நாம் படம் பிடிக்க வேண்டியதில்லை. கடைக்காரரின் கல்லாவுக்கு நாம் பணம் போடும்போது அவர் தம் பெட்டிச் சாவியை நம்மிடம் தருகிறாரா?

‘டிஜிட்டல் கைது’: காவல் அதிகாரியின் உடையில் காணொளியில் தோன்றி, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்துள்ளது, அறையை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறிப்பர். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படியொரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமரும் தம் வானொலி உரையில் இதனை எடுத்துக்கூறி எச்சரித்தார்.

கைரேகை மோசடி: முதியோர் உதவித்தொகை பெறும் நம் பாட்டிமார் பலர், ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் விரல் வைத்துப் பணம் பெறுகின்றனர். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றே அங்குப் போதும். ஒருமுறை விரல் வைத்துவிட்டு "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்று சொல்லப்பட்டால், அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்; அடுத்தமுறை பாஸ் புத்தகத்தில் வரவு செலவு பதிந்து பார்க்க வேண்டும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளும் வசதியும் உண்டு. அதன் உதவி எண் 1947.

அடையாளத் திருட்டு: சிம் அட்டைக்கும் கடனுக்கும் தவணைக் கைப்பேசிக்கும் ஆதார் நகலைக் கேட்ட இடமெல்லாம் கொடுத்து வருகிறோம். அந்நகலைக் கொண்டு நம் பெயரில் வேறொருவர் சிம் அட்டை வாங்கினால், முதல் விசாரணை நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஆகவே நகலின் மேல் எதற்காக, யாருக்கு, எந்நாளில் தந்தோம் என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது நல்ல பழக்கம். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரையும் பயன்படுத்தலாம். நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல்

இதுவரை நாம் ஏமாற்றப்படுவதைப் பற்றிக் கூறினேன். நாமே ஏமாற்றுக்குக் கருவியாவதும் உண்டு. "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடு; மாதம் சில ஆயிரம் தருகிறோம்; ஒன்றும் ஆகாது" என்று கல்லூரி மாணவர்களை வலைவீசுவோர் உளர். பேருந்துக் கட்டணத்திற்கே கணக்குப் பார்க்கும் நம்மில் சிலருக்கு அது பெருந்தொகையாகத் தோன்றலாம்.

திருடிய பணம் நேராகத் திருடனின் கணக்கிற்குப் போவதில்லை. இத்தகைய வாடகைக் கணக்குகளின் வழியாகவே கைமாறுகிறது. எங்கள் அப்பாவின் 18,500 ரூபாயும் யாரோ ஒரு மாணவரின் கணக்கில் இறங்கியிருக்கலாம். காவல்துறை தேடும்போது முதலில் கிடைப்பது கணக்குக்கு உரியவரின் பெயரும் புகைப்படமும்தான். கணக்கு முடக்கப்படும், வழக்கு வரும். பிறருடைய அடையாளத்தையோ கடவுச்சொல்லையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கும், கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ், ஏமாற்றிப் பொருள் பறித்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. அரசுப் பணிக்குத் தேர்வெழுதக் காத்திருக்கும் ஒருவர் சில ஆயிரங்களுக்காக இதற்குள் இறங்கலாமா?

செய்ய வேண்டியவை

1. வங்கி, காவல்துறை, மின்வாரியம் என்று யார் பெயரைச் சொல்லி அழைத்தாலும் முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். பின்பு பாஸ் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். அழைத்தவர் தந்த எண்ணில் கேட்பது, போலிக் கிளைக்குள் சென்று "இது உண்மையான வங்கியா?" என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

2. ஓ.டி.பி., பின் எண், அட்டையின் பின்புற மூன்றெண் ஆகியவற்றை வங்கி மேலாளரே கேட்டாலும் கூறாதீர்கள். உண்மையான மேலாளர் கேட்க மாட்டார்.

3. தேடுபொறியில் கிடைத்த ‘வங்கி உதவி எண்’ணை நம்பாதீர்கள். வங்கிகளின் இணைய முகவரி யாவும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, 2025 அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்கப் பழகுங்கள்.

4. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே வங்கியின் உதவி எண்ணிலும், தேசிய உதவி எண்ணாகிய 1930இலும் தெரிவியுங்கள். ஞாயிறோ விடுமுறையோ பாராதீர்கள். திருடனின் கையில் சேருமுன் இடைவழியிலேயே பணத்தை நிறுத்த இயலும்; ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதுவே நீங்கள் தெரிவித்த நேரத்திற்குச் சான்று.

5. 30 நாள்களில் வங்கி விடையளிக்காவிட்டாலோ, விடை மனநிறைவு தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்டறியும் எண் 14448.

முடிவுரை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. போலிக் கிளை கண்ணால் கண்ட பொய். தில்லித் தொலைபேசி காதால் கேட்ட பொய். இரண்டையும் உடைத்தது தீர விசாரித்தலே. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. பட்டப்படிப்பு மட்டுமே போதாது என்பதற்கு நானே சாட்சி.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் தத்தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். சலான் நிரப்புவதும் குறுஞ்செய்தி படித்துச் சொல்வதும் நம் வேலை. தெருவில் நான்கு பேர் தங்கள் கைப்பேசியை நம்பிக்கையோடு நம்மிடமே நீட்டுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாம் காவலராக வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, ஒரு மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து, 1930 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிக் கொடுத்தாலும் அது பெரிய தொண்டே.

எங்கள் வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் அந்த எண் இன்று எழுதப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. அப்பா இம்முறை கைப்பேசியை என்னிடம் நீட்டவில்லை. "யாரப்பா நீ? இரு, நான் பேங்க்குக்கே நேர்ல போய்க் கேட்டுக்கறேன்" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார். திண்ணைக் காவல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.